நாவால் வாங்கப்படும் செய்தி: ஊடகமும் மக்கள் மனமும்

 



பஜ்ரு தொழுதுவிட்டு வீட்டுக்குப் போகும் வழியிலேயே கைபேசியைத் திறக்கிறோம். குர்ஆனில் ஒரு பக்கம் ஓதுவதற்கு முன் பத்துச் செய்திகளைப் படித்து முடித்துவிடுகிறோம். யார் நல்லவர், யார் கெட்டவர், எந்தக் கட்சி வரவேண்டும், எந்த நாடு அழியவேண்டும் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் மனதுக்குள் தீர்மானமாகிவிடுகிறது. இது நான் சுயமாக எடுத்த முடிவு என்று ஒவ்வொருவரும் நினைக்கிறோம். உண்மையில் அந்த முடிவை எடுத்துக் கொடுத்தவர் எங்கோ உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே இன்றைய ஜும்ஆவில் ஊடகம் மக்களின் மனதையும் நாட்டின் அரசியலையும் எப்படித் திருப்புகிறது, அதைப் பற்றி மார்க்கம் நமக்கு என்ன சொல்லித் தருகிறது என்பதைச் சிந்திப்போம்.

எதைப் பேசவேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்?

1968-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இரு ஆய்வாளர்கள் வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில், யாருக்கு ஓட்டுப் போடுவது என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களைச் சந்தித்தார்கள். நாட்டின் முக்கியப் பிரச்சினை எது என்று கேட்டார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் எந்த விஷயங்களுக்கு அதிக இடம் கொடுத்தனவோ, ஏறக்குறைய அதே வரிசையில் மக்களின் பதிலும் இருந்தது. 1972-ல் வெளியான இந்த ஆய்வு இன்றும் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது.

இதன் பொருள் என்ன? ஊடகம் நேரடியாக "இவருக்கு ஓட்டுப் போடு" என்று சொல்ல வேண்டியதே இல்லை. எதைப் பற்றிப் பேசவேண்டும் என்று அது தீர்மானித்தால் போதும். விலைவாசி, வேலையின்மை, பள்ளிக்கூடம், மருத்துவமனை ஆகியவற்றைப் பேசாமல், இரவு 9 மணிக்கு ஒரு சமுதாயத்தின் உடையையும் உணவையும் ஒரு மாதம் தொடர்ந்து விவாதித்தால், அதுதான் நாட்டின் தலையாய பிரச்சினை என்று எளிய மனிதர் நம்பிவிடுவார். அரசியல்வாதி அதற்குத்தான் பதில் சொல்வார். ஓட்டும் அதற்குத்தான் விழும்.

செய்தி ஒரு போரையே உண்டாக்கும்

ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6-வது வசனத்தை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். பாஸிக் ஒருவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், இல்லாவிட்டால் அறியாமையினால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்துவீர்கள் என்று அல்லாஹ் ஈமான் கொண்டவர்களை எச்சரிக்கிறான்.

இந்த வசனம் இறங்கிய பின்னணியாக தஃப்ஸீர்களில் ஒரு நிகழ்வு சொல்லப்படுகிறது. பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க வலீத் இப்னு உக்பா அவர்களை நபி (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அவரை வரவேற்க அந்த மக்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அறியாமைக் காலத்தில் அவர்களோடு இருந்த பகை காரணமாக, தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று அவர் அஞ்சினார். பாதி வழியிலேயே திரும்பி வந்து, அவர்கள் ஜகாத் தர மறுத்துவிட்டார்கள், என்னைக் கொல்லவும் பார்த்தார்கள் என்று தெரிவித்தார். மதீனாவில் போர் பற்றிய பேச்சு எழுந்தது. விசாரித்துப் பார்த்தபோது அந்த மக்கள் தொழுகையோடும் கீழ்ப்படிதலோடும் இருந்தது தெரிய வந்தது.

கவனியுங்கள். அவர் கண்ணால் கண்டது ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு அவருடைய அச்சம் ஒரு அர்த்தம் கொடுத்தது. அந்த அர்த்தம்தான் மதீனாவுக்குச் செய்தியாக வந்து சேர்ந்தது. செய்தியாளரின் அச்சமும் பழைய பகையும் அவர் அறியாமலேயே செய்திக்குள் புகுந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

இந்த வசனத்தில் "விசாரியுங்கள்" என்ற கட்டளைக்கு இரண்டு கிராஅத்துகள் உள்ளன. பெரும்பாலான காரிகள் தபய்யுன் என்ற சொல்லிலிருந்து ஓதுகிறார்கள். அதற்குத் தெளிவாக்கிக்கொள்ளுதல் என்று பொருள். இமாம் ஹம்ஸா, இமாம் கிஸாயீ ஆகியோர் ததப்புத் என்ற சொல்லிலிருந்து ஓதுகிறார்கள். அதற்கு அவசரப்படாமல் நிதானித்து நிற்றல் என்று பொருள். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பாடம் கிடைக்கும். முதலில் நில்லுங்கள், பிறகு விசாரியுங்கள். ஓடிக்கொண்டே யாராலும் விசாரிக்க முடியாது.

நிற்காமல் ஓடியதன் விளைவை நம் காலத்திலும் உலகம் பார்த்தது. 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகப் படங்களோடு விளக்கினார். அதற்கு முன்பே பல மாதங்களாக அமெரிக்காவின் பெரிய பத்திரிகைகள் அதையே எழுதி மக்களைத் தயார்படுத்தியிருந்தன. மார்ச் 20-ல் போர் தொடங்கியது. தேடிப் பார்த்த அமெரிக்க ஆய்வுக் குழுவே, அப்படிப்பட்ட ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்று 2004-ல் அறிக்கை தந்தது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2004 மே 26 அன்று, தன் செய்திகள் சில போதிய கண்டிப்போடு சரிபார்க்கப்படவில்லை என்று ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது.

செப்டம்பர் 11 தாக்குதலை நடத்திய 19 பேரில் ஒருவர்கூட இராக்கியர் அல்லர். ஆனால் 2003-ல் வாஷிங்டன் போஸ்ட் நடத்திய கருத்துக் கணிப்பில், அந்தத் தாக்குதலில் சதாம் உசேனுக்குப் பங்கு இருந்திருக்கக்கூடும் என்று ஏறக்குறைய 10-ல் 7 அமெரிக்கர்கள் சொன்னார்கள். இரண்டு பெயர்களைத் தினமும் ஒரே மூச்சில் சொன்னால் போதும். மக்கள் மனம் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பத்திரிகை வருத்தம் தெரிவித்தது. ஆனால் பக்தாதில் இறந்துபோன குழந்தைகள் திரும்பி வரவில்லை. "பின்னர் வருந்துவீர்கள்" என்ற எச்சரிக்கையின் கனம் இதுதான்.

2020: நம் வாசலுக்கே வந்த சோதனை

சகோதரர்களே! தூரத்து உதாரணம் எதற்கு? 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களை நாம் யாரும் மறந்திருக்க முடியாது.

டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் நடந்த ஒரு ஜமாஅத் கூடுகையில் கலந்துகொண்டவர்களுக்கு நோய் கண்டது உண்மை. அது செய்தியாவதும் நியாயம். கலந்துகொண்டவர்கள் பரிசோதனைக்கு முன்வரவேண்டும் என்று சொல்வதும் நியாயம். ஆனால் ஓரிரு நாட்களில் நோய் ஒரு மதத்தின் சதியாக மாற்றப்பட்டது. "கொரோனா ஜிஹாத்" என்ற சொல் சமூக வலைதளங்களில் முதலிடத்துக்கு வந்தது. மும்பையில் போலீஸ் வாகனத்தில் இருந்த ஒரு விசாரணைக் கைதியின் பழைய வீடியோ, தப்லீக் ஜமாஅத்தினர் எச்சில் துப்புவதாகப் பரப்பப்பட்டது. அருணாச்சலப் பிரதேசத்தில் 11 தப்லீக் ஜமாஅத்தினருக்கு நோய் என்று ஒரு பெரிய சேனல் சொன்னது. அப்போது அந்த மாநிலம் முழுவதிலுமே ஒரே ஒருவருக்குத்தான் நோய் இருந்தது. சேனல் பிறகு வருத்தம் தெரிவித்தது.

அந்த நாட்களில் பல ஊர்களில் காய்கறி வண்டிக்காரரிடம் விலை கேட்பதற்கு முன் பெயரைக் கேட்டார்கள். அதுதான் ஊடகத்தின் சக்தி. ஒரு ஏழையின் தள்ளுவண்டி வரை அது வந்து சேரும்.

பிறகு என்ன நடந்தது? 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அச்சு ஊடகங்களிலும் காட்சி ஊடகங்களிலும் பெரும் பிரச்சாரம் நடத்தப்பட்டது என்றும், இவர்கள் பலிகடாவாக ஆக்கப்பட்டிருக்கலாம் என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி நீதிமன்றம் 36 வெளிநாட்டவர்களை விடுதலை செய்தது. 2025 ஜூலை 17 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான 16 வழக்குகளையும் ரத்து செய்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பொய் நாடு முழுவதும் பரவ மூன்று நாள்கூட ஆகவில்லை. உண்மை முழுமையாக வந்துசேர ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பொய் எல்லாச் சேனல்களிலும் இரவு 9 மணிக்கு வந்தது. உண்மை பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது. அன்று சந்தேகத்தோடு பார்த்த எத்தனை பேருக்கு இந்தத் தீர்ப்பு தெரியும்?

காது கேட்கும்முன் நாவு பேசினால்...

நபி (ஸல்) அவர்களின் வீட்டின் மீதே இப்படி ஒரு பொய் வீசப்பட்டது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது முனாஃபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை அவதூறு கிளப்பினான். ஒரு மாதம் மதீனா கொந்தளித்தது. நல்ல ஸஹாபாக்களில் சிலரும்கூட அந்தப் பேச்சில் சிக்கிக்கொண்டார்கள்.

இதைப் பற்றிப் பேசும் ஸூரத்துந் நூரின் 15-வது வசனத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. செய்தியை மனிதன் காதால்தான் வாங்குவான். ஆனால் அல்லாஹ், நீங்கள் அதை உங்கள் நாவுகளால் வாங்கினீர்கள் என்று சொல்லிக் கண்டிக்கிறான். காதுக்கும் நாவுக்கும் நடுவே இருக்கவேண்டிய அறிவு அங்கே இல்லை. கேட்டதும் சொல்லியாகிவிட்டது. இன்று இதே வேலையை நம் கட்டைவிரல் செய்கிறது. முழுதாகப் படிப்பதற்கு முன்பே அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம். நீங்கள் இதை இலேசாக நினைத்தீர்கள், அல்லாஹ்விடத்தில் இது மிகப் பெரியது என்றும் அதே வசனம் சொல்கிறது.

கேட்டதையெல்லாம் பேசுவதே ஒருவர் பொய்யர் ஆவதற்குப் போதும் என்ற கருத்தில் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. பொய்யைச் சொந்தமாக உருவாக்க வேண்டியதில்லை, சரிபாராமல் கடத்தினாலே போதும்.

ஸஹீஹ் புகாரியில் ஸமுரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸில், நபி (ஸல்) அவர்கள் கனவில் கண்ட வேதனைகளில் ஒன்று: ஒரு மனிதனின் வாயோரம் இரும்புக் கொக்கியால் பிடரி வரை கிழிக்கப்படுகிறது. ஒரு பக்கம் கிழித்து முடிப்பதற்குள் மறுபக்கம் சரியாகிவிடுகிறது. மறுபடியும் கிழிக்கப்படுகிறது. இவன் யார் என்று கேட்டபோது, காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு ஒரு பொய்யைச் சொல்வான், அது உலகின் எட்டுத் திக்கும் போய்ச் சேரும் என்று விளக்கம் தரப்பட்டது. அந்தக் காலத்தில் ஒருவனின் பொய் திசையெங்கும் போவது எப்படிச் சாத்தியம் என்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம். இன்று யாருக்கும் அந்தச் சந்தேகம் வராது.

இந்த எச்சரிக்கை சேனல்காரருக்கு மட்டும் அல்ல. நமக்குப் பிடிக்காத அரசியல்வாதியைப் பற்றி ஒரு பொய்ச்செய்தி வந்தால், "நம் எதிரியைப் பற்றித்தானே" என்று நாமும் பரப்புகிறோம். வேறு நாட்டில் எடுத்த படத்தை இங்கே நடந்த கொடுமை என்று அனுப்புகிறோம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை அநீதியின் பக்கம் தள்ளிவிட வேண்டாம் என்று ஸூரத்துல் மாயிதாவின் 8-வது வசனம் தடுக்கிறது. நம் மீது பொய் சொல்வது ஹராம் என்றால், நாம் பிறர் மீது பொய் சொல்வதும் ஹராம்தான்.

ஒருபக்கச் செய்தியை ஏற்காத மன்னர்

மக்காவில் கொடுமை தாங்காமல் முஸ்லிம்கள் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். அவர்களைத் திரும்பப் பிடித்துவர குறைஷிகள் இருவரை அனுப்பினார்கள். அந்த இருவரும் செய்ததைப் பாருங்கள். மன்னர் நஜ்ஜாஷியைப் பார்ப்பதற்கு முன்பே, அவரைச் சுற்றியிருந்த பிரமுகர்களுக்கெல்லாம் தனித்தனியாக அன்பளிப்பு கொடுத்தார்கள். நாங்கள் மன்னரிடம் பேசும்போது, இந்த மக்களிடம் எதுவும் கேட்காமலேயே எங்களிடம் ஒப்படைத்துவிடும்படி ஆலோசனை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பிரமுகர்களும் அப்படியே சொன்னார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவனைப் பேசவிடாதே என்பதுதான் அன்றும் இன்றும் பிரச்சாரத்தின் முதல் விதி. ஆனால் நஜ்ஜாஷி கோபப்பட்டார். என்னிடம் அடைக்கலம் தேடி வந்தவர்களை, அவர்களை அழைத்துக் கேட்காமல் ஒப்படைக்கமாட்டேன் என்றார். ஜஃபர் (ரலி) அவர்கள் எழுந்து பேசினார்கள். ஒரே உரையில் குறைஷிகளின் திட்டம் தவிடுபொடியானது. ஒரு நீதியான செவி கிடைத்ததால் ஒரு சமுதாயம் பிழைத்தது.

அதே மக்காவில் துபைல் இப்னு அம்ர் அத்தவ்ஸி (ரலி) அவர்களின் நிகழ்வும் நடந்தது. அவர் தம் கோத்திரத்தின் தலைவர், கவிஞர். அவர் மக்காவுக்கு வந்ததும், முஹம்மதின் பேச்சைக் கேட்டுவிடாதீர்கள் என்று குறைஷிகள் விடாமல் பயமுறுத்தினார்கள். கடைசியில் அவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கஅபாவுக்கு வந்தார். பிறகு யோசித்தார்: நான் அறிவுள்ளவன், கவிஞன், நல்லது கெட்டதைப் பிரித்தறியத் தெரிந்தவன், கேட்டுப் பார்த்தால் என்ன? பஞ்சை எடுத்தார், கேட்டார், ஈமான் கொண்டார்.

நம் அண்டை வீட்டுச் சகோதரர்கள் பலரின் காதில் இன்று ஊடகம் பஞ்சை வைத்திருக்கிறது. அவர்கள் நம் எதிரிகள் அல்லர். பஞ்சை எடுக்க அவர்களுக்கு ஒரு வாய்ப்பு வேண்டும். அந்த வாய்ப்பு நம் பழக்கவழக்கத்தின் மூலம்தான் வரும்.

நம் மீதுள்ள கடமைகள்

1. மூலத்துக்குப் போய்க் கேளுங்கள். நபி (ஸல்) அவர்கள் மனைவியரைத் தலாக் சொல்லிவிட்டார்கள் என்று மஸ்ஜிதில் மக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அந்தப் பேச்சில் சேரவில்லை. நேராக நபி (ஸல்) அவர்களிடமே போய்க் கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. உடனே மஸ்ஜிதின் வாசலில் நின்று உரத்த குரலில் உண்மையை அறிவித்தார்கள். ஸூரத்துந் நிஸாவின் 83-வது வசனம் இறங்கிய பின்னணியாக ஸஹீஹ் முஸ்லிமில் இது வருகிறது. அந்த வசனத்தில் ஆராய்ந்து அறிவதற்குச் சொல்லப்பட்ட இஸ்தின்பாத் என்ற சொல், கிணறு தோண்டித் தண்ணீரை வெளிக்கொணர்வதைக் குறிக்கும் மூலத்திலிருந்து வந்தது. தோண்டினால்தான் தண்ணீர். மேலே கிடப்பது புழுதி.

2. பரப்பியதைத் திருத்துங்கள். பொய் என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போவது தவ்பா ஆகாது. எந்தக் குழுவில் அனுப்பப்பட்டதோ அதே குழுவில், "அது தவறான செய்தி" என்று எழுதவேண்டும். உமர் (ரலி) அவர்கள் உண்மையை மஸ்ஜித் வாசலில் அறிவித்தது போல.

3. சட்டத்தின் வழியில் முறையிடுங்கள். பத்திரிகைச் செய்தி என்றால் இந்தியப் பத்திரிகை கவுன்சில் இருக்கிறது. தொலைக்காட்சி என்றால், ஒளிபரப்பான 7 நாட்களுக்குள் முதலில் அந்தச் சேனலுக்கே புகார் எழுதவேண்டும். பதில் திருப்தி இல்லாவிட்டால் செய்தி ஒளிபரப்பு மற்றும் டிஜிட்டல் தர ஆணையத்துக்குப் போகலாம். அதன் உறுப்பினர்களாக உள்ள சேனல்களை அது கட்டுப்படுத்தும். 2024 பிப்ரவரியில், தனிமனிதர் ஒருவர் அளித்த புகார்களின் பேரில், ஒரு சமுதாயத்தைக் குறிவைத்த நிகழ்ச்சிகளுக்காக இரண்டு சேனல்களுக்கு 1 லட்சம் ரூபாயும் 50,000 ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டது, வீடியோக்களை நீக்கவும் உத்தரவிடப்பட்டது. தேநீர்க் கடையில் பொருமுவதால் ஆகாத காரியம் ஒரு கடிதத்தால் ஆகியிருக்கிறது.

4. ஓட்டு ஒரு சாட்சியம் என்பதை நினைவில் வையுங்கள். பணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாக வெளியிடும் வழக்கம் நம் நாட்டில் இருக்கிறது. இதற்காக 2011-ல் உத்தரப்பிரதேசத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினரைத் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. பெரும்பாவங்களைச் சொல்லும்போது சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச்சாட்சி என்று வந்ததும் எழுந்து உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விலைபோன செய்தியை நம்பி அளிக்கும் ஓட்டு, நாம் அறியாமல் சொல்லும் பொய்ச்சாட்சி ஆகிவிடக்கூடும். வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரங்கள் அடங்கிய பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. படித்த பிள்ளைகள் அதை எடுத்துப் பெரியவர்களுக்குச் சொல்லட்டும்.

5. உண்மையைச் சொல்லும் நாவுகளை உருவாக்குங்கள். அன்றைய அரபகத்தில் கவிதைதான் ஊடகம். குறைஷிகளின் கவிஞர்கள் வசைபாடியபோது, ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்காக நபி (ஸல்) அவர்கள் மஸ்ஜிதிலேயே ஒரு மிம்பரை அமைத்துக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதழியல் படிக்கிறார்கள்? ஒவ்வொரு மஹல்லாவும் ஆண்டுக்கு ஒரு மாணவரையோ மாணவியையோ அந்தப் படிப்புக்கு அனுப்பி, கட்டணத்தில் பங்கெடுத்தால், பத்து ஆண்டுகளில் நிலைமை மாறும். மதம் பார்க்காமல், உண்மையை எழுதும் பத்திரிகையாளர்களுக்குச் சந்தா கட்டி ஆதரவு கொடுப்பதும் இதில் சேரும். 2020-ல் போலி வீடியோக்களை ஒவ்வொன்றாகத் தோலுரித்துக் காட்டியவர்களில், நமக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர்களில், தீர்ப்பு எழுதியவர்களில் முஸ்லிம் அல்லாத சகோதரர்கள் பலர் இருந்தார்கள். அந்த நன்றியை மறப்பது முஃமினுக்கு அழகல்ல.

மன்னிப்பும் ஒரு பதில்தான்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அவதூறு விஷயத்தில் வாய்விட்டவர்களில் மிஸ்தஹ் (ரலி) அவர்களும் ஒருவர். அவர் அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர், அவர்களிடமே உதவிப்பணம் வாங்கி வாழ்ந்தவர். மகளின் கற்பைப் பற்றிப் பேசியவருக்கு இனி உதவுவதில்லை என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்தார்கள். எந்தத் தகப்பனும் அப்படித்தான் செய்வார். ஆனால் ஸூரத்துந் நூரின் 22-வது வசனம் இறங்கியது. அல்லாஹ் உங்களை மன்னிக்கவேண்டும் என்று நீங்கள் விரும்பமாட்டீர்களா என்று அல்லாஹ் கேட்டான். அபூபக்ர் (ரலி) அவர்கள் நிறுத்திய உதவியை மீண்டும் தொடங்கினார்கள்.

பொய்யைக் கிளப்பியவன் வேறு, அதில் ஏமாந்து போனவர் வேறு. முதலாமவனைச் சட்டத்தின் முன் நிறுத்துவோம். இரண்டாமவருக்குக் கதவைத் திறந்து வைப்போம். 2020 ஏப்ரலில் டெல்லியில் நோயிலிருந்து குணமடைந்த தப்லீக் ஜமாஅத்தினர், மற்ற நோயாளிகளுக்காகத் தங்கள் பிளாஸ்மாவைத் தானமாகக் கொடுத்தார்கள். தங்களை நோய் பரப்பியவர்கள் என்று நாடே பேசிக்கொண்டிருந்த அதே நாட்களில் கொடுத்தார்கள். எந்த மதத்தவருக்கு அது ஏற்றப்படும் என்று அவர்கள் கேட்கவில்லை. எந்தத் தொலைக்காட்சி விவாதத்தாலும் சொல்ல முடியாத பதில் அது.

எல்லாம் வல்ல அல்லாஹ், உண்மையை உண்மையாகக் கண்டு அதைப் பின்பற்றவும், பொய்யைப் பொய்யாகக் கண்டு அதிலிருந்து விலகவும் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! நம் நாவுகளையும் விரல்களையும் அவதூறிலிருந்து காப்பானாக! பொய்ச்செய்தியால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், அவர் எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும், நீதியைத் தருவானாக! நம் நாட்டில் அமைதியையும் அன்பையும் நிலைநாட்டுவானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.